இல்லாத படையின் கோப்புகள்

1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், வடநாட்டு மதுரா மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாக இருந்த மார்க் தார்ன்ஹில் தம் அலுவலக மேசையின் மேல் நான்கு சிறிய சப்பாத்திகள் இருக்கக் கண்டார். முரட்டு மாவில் சுட்ட, பிஸ்கட் அளவேயான, அழுக்கேறிய சப்பாத்திகள். விசாரித்தபோது தெரியவந்த செய்தி இது: யாரோ ஒருவர் ஒரு கிராமத்துக்கு வந்து, அங்கிருந்த சௌக்கிதாரிடம், அதாவது ஊர்க்காவலரிடம், ஒரு சப்பாத்தியைக் கொடுத்தார். அதைப்போல் நான்கு சுட்டு அண்டை ஊர்களின் காவலர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று சொல்லிச் சென்றார். காவலர் சொன்னபடியே செய்தார். கூடவே காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்தார்.

அடுத்த சில வாரங்களில் தில்லி, குர்காவ் முதல் அவத், மத்திய இந்தியா வரை இதே செய்தி மாவட்ட அலுவலகங்களை எட்டியது. சப்பாத்திக்குள் கடிதம் ஏதும் இல்லை. கொண்டுவந்தவருக்குக் காரணம் தெரியவில்லை. பெற்றுக்கொண்டவருக்கும் தெரியவில்லை. மே மாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, பல ஆங்கிலேயர் பின்னோக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தனர்: கிராமங்களுக்குள் ஒரு ரகசிய அமைப்பு இயங்கியிருக்கிறது, சப்பாத்தி அதன் அழைப்பு ஓலை.

1858 தொடக்கத்தில் செங்கோட்டையில் நடந்த பகதூர் ஷா விசாரணையில் இந்தக் கேள்வி சாட்சிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. வரவிருக்கும் ஏதோ கேட்டைத் தடுப்பதற்கான சடங்கு என்று சிலர் எண்ணியதாக ஒரு சாட்சி கூறினார்; அரசே அனுப்பியது, எல்லோரும் கிறிஸ்தவர்களோடு ஒரே உணவை உண்ணவேண்டிய காலம் வருவதற்கான அறிகுறி அது என்று வேறு சிலர் எண்ணினராம். நிமார் பகுதியிலிருந்த ஓர் அதிகாரியோ, இந்தூர்ப் பக்கத்தில் காலரா பரவியிருந்ததையும், நோயை ஊரெல்லை தாண்டி அனுப்பிவிடும் பழக்கம் மக்களிடம் இருந்ததையும் சுட்டிக்காட்டினார். சப்பாத்திகளை அனுப்பிவைத்த தலைமையகம் எதுவும் அன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. பின்வந்த நூற்றைம்பது ஆண்டு ஆராய்ச்சியிலும் அகப்படவில்லை.

இந்த நிகழ்வில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. சப்பாத்திகளைச் சுமந்து சென்றவர்கள் சௌக்கிதார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர்களில் பலர் இது மேலிடத்து உத்தரவு என்றே நம்பினர். மேலிடமோ இதைத் தனக்கு எதிரான சதி என்று நம்பியது. அரசின் கடைநிலை ஊழியர் அரசின் பெயரால் செய்ததாகக் கருதிய ஒரு செயலில் அரசு தன் எதிரியின் கையைக் கண்டது.

அதே மாதங்களில் எதிர்த்திசையிலும் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. அரசு மாவில் மாட்டெலும்பும் பன்றியெலும்பும் பொடித்துக் கலக்கிறது என்பது அந்தப் பேச்சு. கான்பூருக்கு மலிவு விலையில் மாவு வந்திறங்கியபோது அதைத் தொடச் சிப்பாய்கள் மறுத்தனர். புதிய தோட்டாக்களில் தடவிய கொழுப்பைப் பற்றிய அச்சமும் இதனோடு சேர்ந்துகொண்டது. கிராமங்கள் ரகசியமாகப் படை திரட்டுகின்றன என்று ஆண்டவர்கள் அஞ்சினர்; அரசு ரகசியமாகச் சாதியையும் சமயத்தையும் அழிக்கிறது என்று ஆளப்பட்டவர்கள் அஞ்சினர். இரண்டு அச்சங்களும் ஒரே வகையில் பரவின. ஆனால் ஒன்று ‘உளவுத் தகவல்’ என்று கோப்பில் ஏறியது. மற்றொன்று ‘அறியாமை’ என்று ஒதுக்கப்பட்டது.

வதந்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபேவ்ர். 1789 கோடையில் பிரெஞ்சு நாட்டுப்புறங்களை உலுக்கிய ‘பேரச்சம்’ பற்றி அவர் 1932இல் எழுதினார். பிரபுக்கள் கூலிக்கு அமர்த்திய கொள்ளைக் கூட்டம் வருகிறது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. உழவர்கள் ஆயுதம் ஏந்தினர். கொள்ளைக் கூட்டம் வரவேயில்லை. அங்கே இல்லாத படையைக் கண்டு அஞ்சியவர்கள் உழவர்கள். காலனிய இந்தியாவில் பெரும்பாலும் அஞ்சியது அரசு. கிறிஸ்டபர் பெய்லி 1996இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விளக்கம் தந்தார். உள்ளூர்ச் சமூகத்தோடு நெருங்கிய தொடர்பு இல்லாத ஆட்சிக்குக் கீழே நடப்பது தெரிவதில்லை. தெரியாத இடத்தைத் திகில் நிரப்புகிறது.

ஆனால் அந்தத் திகில் ஏன் எப்போதும் ‘ரகசியக் கூட்டம்’ என்ற ஒரே உருவத்தை எடுத்தது? அந்த உருவம் 1830களிலேயே வார்க்கப்பட்டுவிட்டது என்பதே விடை. வில்லியம் ஸ்லீமன் தலைமையில் நடந்த தக்கர் ஒழிப்பு நடவடிக்கை, இந்தியா முழுவதும் பரவிய, தனி மொழியும் வழிபாடும் கொண்ட ஒரு கொலைக் கூட்டத்தின் சித்திரத்தை உருவாக்கியது. வழிப்பறிக் கொலைகள் உண்மையில் நடந்தன. அதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் சிதறிக்கிடந்த கும்பல்களை ஒரே மறைமுக அமைப்பாகக் கோத்தது, மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கைதிகளின் வாக்குமூலங்களும், அவற்றை எழுதிக்கொண்ட அதிகாரிகளின் எதிர்பார்ப்புமே என்று பிற்கால ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர்.

1836ஆம் ஆண்டின் 30ஆவது சட்டம் அந்தச் சித்திரத்துக்கு வாளைக் கொடுத்தது. அதன்படி குறிப்பிட்ட ஒரு கொலையை ஒருவர் செய்ததாக நிறுவவேண்டிய தேவை இல்லை. சட்டம் வருவதற்கு முன்னோ பின்னோ, கம்பெனி எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ, தக்கர் கும்பல் ஒன்றில் இருந்தார் என்று நிறுவினாலே ஆயுள் தண்டனை. செயலுக்குத் தண்டனை என்ற நிலை மாறி, சேர்ந்திருந்ததற்குத் தண்டனை என்றாயிற்று. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, பிறந்ததையே போதுமானதாக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு அதன் விளைவுகளில் ஒன்று.

சட்டமும் சித்திரமும் தயாராக இருந்தால், மாமரம்கூடச் சதிகாரனாகிவிடும் என்பதற்கு 1894ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில், நேபாள எல்லையை ஒட்டிய வட பீகார் மாவட்டங்களில் மாமரங்களின் அடிமரத்தில் சேறு அப்பப்பட்டிருப்பது தெரியவந்தது. சேற்றில் விலங்கு மயிர் ஒட்டியிருந்தது. பிறகு மற்ற மாவட்டங்களிலிருந்தும், மேற்கே வடமேற்கு மாகாணங்களிலிருந்தும் அதே செய்தி வந்தது. செய்தவர் யார் என்று தெரியவில்லை. 1857இன் சப்பாத்தி அதிகாரிகளுக்கு உடனே நினைவுக்கு வந்தது. கல்கத்தாவிலும் லண்டனிலும் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதின.

அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமுடியாது. முந்தைய ஆண்டில்தான் பசுப் பாதுகாப்பு இயக்கத்தை ஒட்டி ஆஸம்கர், பாலியா பகுதிகளில் பெரும் கலவரங்கள் நடந்திருந்தன. அப்போது சங்கிலிக் கடிதங்கள் சுற்றுக்கு விடப்பட்டிருந்தன: பெற்றவர் படியெடுத்து மற்ற ஊர்களுக்கு அனுப்பவேண்டும், அனுப்பாவிட்டால் பசுவைக் கொன்ற பாவம் வந்துசேரும். ஆகவே சேற்றுக் குறியும் அத்தகைய ஓர் அமைப்பின் குறியீடாக இருக்கலாம் என்று ஐயுற்றனர். ஆனால் விசாரணையில் கிடைத்தவை வேறு: ஜனக்பூர் புனிதத் தலத்தோடு தொடர்புடைய சாதுக்கள் இட்ட குறி என்றார் சிலர்; சேற்றில் புரண்ட கால்நடைகள் மரத்தில் உடம்பைத் தேய்த்ததன் தடம் என்றார் வேறு சிலர். படையோ சங்கமோ கிடைக்கவில்லை. ஆனந்த் யாங் 1987இல் எழுதிய கட்டுரை, இத்தகைய வதந்திகளை ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நடந்த ஓர் உரையாடலாக வாசிக்கக் கற்றுத் தந்தது. நேரடியாகப் பேசிக்கொள்ள வழியில்லாத இரு தரப்பினர் ஐயத்தின் மொழியில் பேசிக்கொண்டனர்.

இந்தக் கதைகளை மட்டும் சொல்லி நிறுத்தினால், கிராமங்களில் கிளர்ச்சியே இருந்ததில்லை, எல்லாம் அதிகாரிகளின் கற்பனை என்ற தவறான முடிவுக்கு வரநேரும். கிளர்ச்சிகள் இருந்தன. அவை எவ்வாறு தொடங்கின என்பதைப் பார்க்கவேண்டும்.

சப்பாத்தி சுற்றுக்கு வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன், 1855 ஜூன் 30 அன்று, ராஜ்மகால் மலையடிவாரத்தில் உள்ள போக்நாடி என்ற ஊரில் சந்தால் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். சித்து, கானு என்ற உடன்பிறந்தோர் கூட்டியிருந்த கூட்டம் அது. ஊர் ஊராகச் சாலமரக் கிளை அனுப்பி அழைத்திருந்தனர். இதில் ரகசியம் ஏதும் இல்லை. தங்கள் முடிவை அதிகாரிகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் எழுதி அனுப்பினர். வட்டிக்காரரின் கொடுமை, போலீசின் லஞ்சம், நிலத்தின் மீதான உரிமை என்று குறைகளும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. ஒரு வாரம் கழித்து, ஜூலை 7 அன்று, திகி காவல் நிலைய தரோகா கொல்லப்பட்டபோதுதான் அரசு விழித்தது.

அதற்கு முன்னர் அறிகுறிகள் இல்லாமலில்லை. 1854இல் வட்டிக்காரர் வீடுகள் தாக்கப்பட்டன. அரசு அவற்றைச் சாதாரணக் கொள்ளை வழக்குகளாகப் பதிவு செய்தது. சந்தால் ஊர்களில் வதந்திகளும் உலவின. ஓர் எருமை ஊர் ஊராக அலைகிறது, எந்த வீட்டு வாசலில் புல் இருக்கிறதோ அங்கே நின்று மேயும், அந்த வீட்டார் அனைவரும் மாளும் வரை நகராது என்ற பேச்சால் மக்கள் தெருப்புல்லைச் செதுக்கி அகற்றினர். இப்பேச்சை ரணஜித் குஹா தம் 1983ஆம் ஆண்டு நூலில் கவனப்படுத்தினார். வாழ்வு நிலைகுலையப்போகிறது என்ற உணர்வு ஒரு சமூகம் முழுவதிலும் ஊறியிருந்ததை எருமைக் கதை காட்டுகிறது. ஆனால் அப்பகுதியில் வரி வசூலை மேற்பார்வையிட அரசு வைத்திருந்தது ஓர் ஐரோப்பிய அதிகாரியைத்தான். மக்களின் முறையீட்டைக் கேட்க ஏற்பாடு இருந்ததில்லை. நவம்பரில் படையாட்சிச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஹூல் ஒடுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர்.

1855இல் கிளை அனுப்பி, கடிதம் எழுதி அறிவித்த கிளர்ச்சி அரசின் கண்ணுக்குப் படவில்லை. 1857இலும் 1894இலும் சப்பாத்தியிலும் சேற்றிலும் இல்லாத படை கண்ணுக்குப் பட்டது. ரகசியத்தைத் தேடிப் பழகிய கண் வெளிப்படையான முறையீட்டைக் காணத் தவறுகிறது. ஒரே குறைபாடுதான் இரண்டுக்கும் காரணம்.

வெளிப்படையானது எவ்வாறு ரகசியமாக மாறுகிறது என்பதைச் சோட்டாநாக்பூர் முண்டா மக்களின் வரலாறு படிப்படியாகக் காட்டுகிறது. 1858க்குப் பிந்தைய சுமார் நாற்பது ஆண்டுகள் முண்டா சர்தார்கள் மனுப் போட்டனர். குந்த்கட்டி எனப்படும் கூட்டு நிலவுரிமையை மீட்டுத் தரும்படி நீதிமன்றங்களையும் அதிகாரிகளையும் நாடினர், வழக்கறிஞர்களை அமர்த்தினர், கல்கத்தா வரை சென்றனர். பலன் இல்லை. 1895இல் பிர்சா முண்டா என்ற இளைஞரைக் காணச் சல்கட் என்ற ஊருக்கு மக்கள் திரண்டனர். நோய் தீர்ப்பவர், புதிய நெறி சொல்பவர் என்று வந்தவர்களே மிகுதி. உலகம் அழியப்போகிறது, பிர்சாவின் அருகில் இருப்பவர் மட்டும் பிழைப்பர் என்ற பேச்சும் பரவியது. மக்கள் வயல்களை விட்டு வந்தனர். ஆயுதம் தாங்கிய எழுச்சிக்கான ஆயத்தமாக அரசு இதைக் கருதியது. ஆகஸ்டு 24 இரவு பிர்சா கைது செய்யப்பட்டார். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் கூட்டங்கள் பகலில் நடக்கவில்லை. 1898 முதல் டோம்பாரி போன்ற குன்றுகளில் இரவில் கூடினர். தூதுவர்கள் ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். 1899 கிறிஸ்துமஸ் முந்தைய நாளில் அம்புகள் பாய்ந்தன. 1900 ஜனவரி 9 அன்று சைல் ரகப் குன்றில் துப்பாக்கிகள் முழங்கின. ஜூன் 9 அன்று பிர்சா ராஞ்சிச் சிறையில் இறந்தார். அன்று குன்றில் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மக்கள் நினைவும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

1895இல் அரசு அஞ்சிய ரகசிய இயக்கம் 1899இல் உண்மையிலேயே இருந்தது. இதை வைத்து அரசின் முன்னறிவு சரியாக இருந்தது என்று வாதிடலாம். அன்றைய அதிகாரிகள் அப்படித்தான் வாதிட்டனர். நிகழ்வுகளின் வரிசை வேறொன்றைச் சொல்கிறது. மனு எடுபடவில்லை, பகலில் கூடியதற்குச் சிறை கிடைத்தது, அதன் பிறகே இரவும் குன்றும் வந்தன. 1908இல் சோட்டாநாக்பூர் குடிவாரச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டு மனுக்களில் எழுதியிருந்த கோரிக்கையும் அதுவே.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் முறையியல் சார்ந்த ஒரு பாடம் உண்டு. தொலைதூரக் கிராமங்களின் ரகசியப் படைகளைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும் தாள்களில் பெரும்பாலானவை அஞ்சியவர்கள் எழுதியவை. நம்பத் தகுந்த இடத்திலிருந்து அறிகிறோம் என்று தொடங்கும் அறிக்கை, அடுத்த மேசையில் தெரியவருகிறது என்றாகி, அதற்கும் மேலான மேசையில் ஐயத்துக்கு இடமில்லை என்றாகிவிடும். ஒவ்வொரு மேசையிலும் வதந்தி ஒருபடி உறுதியாகிறது; புதிய சான்று எதுவும் சேர்வதில்லை. ஆகவே ஆய்வாளர் முதலில் கேட்கவேண்டியது, இந்தத் தகவலை முதன்முதலில் சொன்னவர் யார், அவர் எதைப் பெற்றார் அல்லது எதிலிருந்து தப்பினார் என்பதே. அடுத்து, அதே ஊரிலிருந்து அதே ஆண்டுகளில் வந்த மனுக்கள் வேறு துறையின் கோப்பில் உறங்குகின்றனவா என்று தேடவேண்டும். காவல்துறைக் கோப்பில் சதி இருக்கும் ஆண்டில், வருவாய்த்துறைக் கோப்பில் அநேகமாக ஒரு நிலத்தகராறு இருக்கும்.

இது கடந்த காலத்தோடு முடிந்த செய்தியும் அன்று. பிர்சா பிறந்த குந்தி மாவட்டத்தில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் முண்டா மக்கள் ஊர் எல்லைகளில் கற்களை நட்டனர். நடுகல் அவர்களுடைய தொன்மையான வழக்கம். இம்முறை கற்களில் பொறிக்கப்பட்டவை அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையும், கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளும். பத்தல்கடி எனப்பட்ட இவ்வியக்கத்தில் சர்ச்சைக்குரிய கூற்றுகளும் செயல்களும் இருந்தன. ஆயினும் அதற்கு எதிராகத் தேசத்துரோகப் பிரிவில் பதிந்த வழக்குகள் பெயர் குறிக்கப்படாத ஆயிரக்கணக்கானோரையும் உள்ளடக்கின. பெயரற்றவர் மீதான வழக்கு 1836ஆம் ஆண்டின் தர்க்கத்தை நினைவூட்டுகிறது. அவ்வழக்குகளைத் திரும்பப் பெற 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற அரசு தன் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே முடிவெடுத்தது.

சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே மாவோயிஸ்டு ஆயுதக் குழுக்கள் வதந்தியல்ல, உண்மை. அவர்களால் கொல்லப்பட்ட காவலர்களும் ஊராரும் பலர். அந்த உண்மையே எந்த இரவுக் கூட்டத்தையும் ஐயத்துக்கு உரியதாக்கிவிடுகிறது. 2012 ஜூன் 28 இரவு சார்க்கேகுடாவில் கூடியிருந்தவர்கள் மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 17 பேர் இறந்தனர். சிறாரும் அவர்களுள் அடங்குவர். மாவோயிஸ்டுகளுடன் நடந்த மோதல் என்றது அரசுத் தரப்பு. விதைத் திருவிழாவைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம் என்றனர் ஊரார். ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே. அகர்வால் தலைமையிலான ஆணையம் 2019இல் அளித்த அறிக்கை, இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஊரார் சுடவில்லை என்றும் கூறியது. அறிக்கை வர ஏழாண்டுகள் ஆயின.

1857இல் மதுராவில் சப்பாத்தி சுமந்த காவலரிடம், இதை ஏன் செய்தாய் என்று கேட்டதற்குக் கிடைத்த விடை, செய்யச் சொன்னார்கள், செய்தேன் என்பதுதான். விசாரித்தவர்களுக்கு அது விடையாகத் தோன்றவில்லை. ஏதோ மறைக்கிறான் என்றே தோன்றியது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவரின் சொல் நம்பப்படாத நாட்டில், அடுத்த முறை அவர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வருவாரா என்பதை எந்தக் கோப்பும் கேட்டுப் பதிவு செய்யவில்லை.